குளித்த தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா?

சென்னையில் ஒரு வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. செய்தியில் கேட்டுவிட்டு நாம் மறந்துபோகும் இந்த எண்ணுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது தெரியுமா? ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர்! உங்கள் மொட்டைமாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 93 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1,30,000 லிட்டர்! ஆவியாவது, சிதறுவது, முதல் மழையின் தூசித் தண்ணீரை வெளியே விடுவது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி எட்டு முறை உங்கள் வாசலுக்கு வந்து இலவசமாக ஊற்றிவிட்டுப் போனதற்குச் சமம்!

2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஏரிகளின் அடிமண் வெடித்துக் கிடந்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நாடே அந்த ரயிலைப் பார்த்தது. அந்த முழு ரயிலில் வந்த தண்ணீர், நாம் மேலே கணக்குப் போட்ட மொட்டைமாடிகளில் வெறும் 24 மாடிகளின் ஒரு வருட மழைதான்! ஒரே தெருவில் இருக்கும் வீடுகள் போதும்!

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் சட்டமே வந்துவிட்டது. அதற்கு முந்தைய வருடமே சென்னையில் சேகர் ராகவன் ‘மழை இல்லம்’ என்ற மையத்தைத் தொடங்கி, வீட்டுக்காரர்கள் நேரில் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வழி செய்திருந்தார். செட்டிநாட்டு வீடுகளிலோ இதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. நான்கு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும். மழைத் தண்ணீர் அங்கே வைத்த அண்டாவில் நிறையும்.

மழை வருடத்தில் சில வாரங்கள்தான். தினமும் நம் வீட்டுக்குள்ளேயே ஓடும் ஆற்றைப் பற்றித் தெரியுமா?

நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடுபவர்கள் வைத்திருக்கும் அளவு. அது எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள்: குடிக்க 5, சமைக்க 5, பாத்திரத்துக்கு 10, வீடு கழுவ 10, துணிக்கு 20, கழிவறைக்கு 30. மீதி 55 லிட்டரும் குளிக்க! வாய்க்குள் போவது ஐந்தே லிட்டர், கழிவறையில் கொட்டுவது அதைப் போல ஆறு மடங்கு. அந்த முப்பது லிட்டரும் குடிக்கிற தண்ணீர் வரும் அதே தொட்டியிலிருந்துதான் வருகிறது என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது.

நான்கு பேர் உள்ள வீட்டில் குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் சேர்ந்து நாளைக்கு 300 லிட்டர். இப்போது அதே வீட்டின் இரண்டாம் தரத் தேவையைக் கூட்டுவோம். கழிவறைக்கு 120, வீடு கழுவ 40, மாடியில் முப்பது தொட்டிச் செடிகளுக்குத் தலா இரண்டு லிட்டர் வீதம் 60. மொத்தம் 220 லிட்டர். சாக்கடைக்குப் போகிற 300 லிட்டர் இந்த மூன்று வேலையையும் முடித்துவிட்டு இன்னும் 80 லிட்டர் மிச்சம் வைக்கும்! ஒரு குடம் புதுத் தண்ணீர் கூட வேண்டாம்!

135 லிட்டர் என்பது குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரும் வீடுகளின் கணக்கு. லாரி வரும் நேரத்துக்குக் காத்திருந்து பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைக்கிற வீடுகளில் இந்த மறுபயன்பாட்டு வித்தை எப்போதோ ஆரம்பித்துவிட்டது. காய் அலசிய தண்ணீர் துளசிக்கு, கடைசியாகத் துணி அலசிய தண்ணீர் கழிவறைக்கு என்று வாளி வாளியாகப் பிரித்து வைக்கும் அந்தப் பெண்கள்தான் இந்த விஷயத்தில் நம் எல்லோருக்கும் ஆசிரியர்கள்.

சரி, சோப்புத் தண்ணீரை மண்ணில் விடலாமா? விடலாம்! அதற்கென்றே பிறந்ததுபோல ஒரு செடி இருக்கிறது. கல்வாழை! வாழை இலையைச் சிறிதாக்கியதுபோல இலை, சிவப்பிலும் மஞ்சளிலும் பூ. ரயில் நிலையத் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் எத்தனையோ முறை பார்த்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள். இதன் விதை எவ்வளவு கெட்டி என்றால், துப்பாக்கி ரவையோடு ஒப்பிட்டு ஆங்கிலேயர்கள் இதற்குப் பெயரே வைத்தார்கள்! இந்தச் செடியின் உண்மையான அதிசயம் வேரில்தான் இருக்கிறது. ஈரம் சொதசொதவென்று நிற்கும் மண்ணில் மற்றச் செடிகளின் வேர் மூச்சுத் திணறி அழுகிப்போகும். கல்வாழையோ தன் தண்டுக்குள் உள்ள காற்றறைகள் வழியாக உயிர்வளியை வேர்வரைக்கும் கொண்டுபோகிறது. அந்தக் காற்றை நம்பி வேரைச் சுற்றிக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. சோப்பையும் அழுக்கையும் தின்று சிதைப்பவை அவைதான்!

சென்னையில் வாழ்ந்த வேதியியலாளர் இந்துகாந்த் ரகடே, குளித்த தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக மண்ணுக்குள் இறக்கும் எளிய முறையைப் பலருக்கும் எடுத்துச் சொன்னவர். செய்வதும் கஷ்டமில்லை. குளியலறைக் குழாய் கழிவறைக் குழாயோடு சேராமல் தனியாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். தனியாக வந்தால் பாதி வேலை முடிந்தது. குழாய் முடியும் இடத்தில் ஒரு பள்ளம் தோண்டி, அடியில் கருங்கல் ஜல்லி, மேலே ஆற்று மணல், அதற்கு மேல் தோட்டத்து மண் போட்டுக் கல்வாழைக் கிழங்குகளை நட்டுவிடுங்கள். தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே விழ வேண்டும், மேலே தேங்கி நிற்கக் கூடாது. தேங்கினால் கொசு வந்துவிடும். உள்ளேயே இறங்கிவிட்டால் கொசுவும் இல்லை, வாடையும் இல்லை, பூ மட்டும்தான்!

எல்லாச் சோப்பும் ஒன்றில்லை என்பது தெரியுமா? இதை மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் ஆர்வத்தில் துவைத்த தண்ணீரை எல்லாச் செடிக்கும் ஊற்றிவிட்டு, அவை வாடியதும் இந்த யோசனையையே கைவிட்டவர்கள் நிறைய. குளிக்கிற சோப்பில் இருப்பதைவிடத் துணி சோப்புத்தூளில் காரமும் சோடியமும் பல மடங்கு அதிகம். சோடியம் களிமண்ணில் சேரச் சேர, அங்கே இருக்கும் சுண்ணாம்புச் சத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை விட்டுவிடுகின்றன. பொலபொலவென்று இருந்த மண் இறுகிப்போய், ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கும். அப்படி ஆகிவிட்டால் மருந்து உண்டு, ஜிப்சம். உரக்கடையில் மலிவாகக் கிடைக்கும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தை வெளியே தள்ள, நல்ல தண்ணீரோ மழையோ அதைக் கழுவிக்கொண்டு போகும்.

துவைத்த தண்ணீரை யார் தாங்குவார்கள்? தென்னை, வாழை, சேம்பு, கல்வாழை. யார் தாங்க மாட்டார்கள்? ரோஜா, பீன்ஸ். இட்லிப்பூச் செடிக்குக் காரத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சில வாரங்களில் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிவிடும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாத நிலை அது. ஆகவே முதல் சோப்புத் தண்ணீர் கழிவறைக்கு, கடைசியாக அலசிய தண்ணீர் செடிக்கு என்று பிரிப்பதுதான் என் அனுபவத்தில் சிறந்த வழி. பிளீச்சிங் கலந்ததும், குழந்தையின் மலத்துணி அலசியதும் தோட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். கீரை, கேரட், வெள்ளரி என்று அப்படியே பச்சையாக வாயில் போடும் எதன்மீதும் இந்தத் தண்ணீர் படக் கூடாது. மரத்தின் அடியில், மண்ணில் மட்டும். இன்னொன்று, இன்று பிடித்ததை இன்றே ஊற்றிவிடுங்கள். ஒரு நாள் தாண்டினால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் பெருகி நாற்றம் தாங்காது.

அரிசி கழுவிய தண்ணீரில் என்ன இருக்கிறது தெரியுமா? அரிசியிலிருந்து கரைந்து வந்த மாவுச் சத்து, பி வைட்டமின்கள், பாஸ்பரஸ் போன்ற தாதுக்கள்! நம் வீடுகளில் கழுநீர்ப் பானை வைத்து மாட்டுக்குக் கொடுத்த காரணம் இதுதான். மாடு இல்லாத அடுக்குமாடி வீட்டில் அதே கழுநீருக்குக் கறிவேப்பிலைத் தொட்டி காத்திருக்கிறது. உப்புப் போடாமல் காய் வேகவைத்த தண்ணீரையும் ஆறவைத்து ஊற்றலாம். மீன்தொட்டி வைத்திருக்கிறீர்களா? அதில் மாற்றும் பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டவே கொட்டாதீர்கள்! மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றி வைத்திருக்கும். அது திரவ உரம்!

பாத்திரம் கழுவிய தண்ணீர் விஷயம் வேறு. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் கலந்திருப்பதால் அது மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அந்தக் காலத்துக் கொல்லையில் அதற்கும் விடை இருந்தது. சமையலறைச் சாலகத்தை ஒட்டியே வாழைக் கன்று! சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்த காலம் அது, வாழைக்குச் சாம்பல் வேறு உரமாகிவிடும். இன்றைய பாத்திரச் சோப்புக்கு முதலில் ஒரு வலைத்தட்டு, பிறகு எண்ணெய் மிதந்து ஒதுங்க ஒரு சின்னத் தொட்டி, அதற்கப்புறம்தான் வாழை.

சுத்திகரிப்பு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய் சிங்க்குக்குள் தொங்குகிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குள் அந்தக் குழாய் வழியே இரண்டு, மூன்று லிட்டரை வெளியே விட்டுவிடுகிறது! உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை, தடை செய்யுங்கள் என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட அளவுக்கு இது பெரிய விஷயம். அந்தக் குழாயின் கீழே இன்றே ஒரு வாளி வையுங்கள். வீடு துடைக்க, பாத்திரத்தில் முதல் அலசல் அலச, கழிவறைக்கு ஊற்ற அது போதும். செடிக்கு மட்டும் யோசித்து ஊற்றுங்கள். உப்பெல்லாம் அதில்தான் திரண்டு வந்திருக்கிறது. கடற்கரையோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் வேண்டவே வேண்டாம்.

அதற்கு நேர் எதிர் ஒன்று உங்கள் ஜன்னலுக்கு வெளியே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏ.சி. தண்ணீர்! காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த சுருளில் பட்டு நீராகிச் சொட்டுவதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர், சில நாட்களில் அதற்கும் மேலே தரும். இரவு முழுக்க ஓடினால் காலையில் ஒரு வாளி! தூசி பட்ட சுருளில் வழிந்து வருவதால் குடிக்கக் கூடாது. செடிகளுக்கோ விருந்து. சோப்புத் தண்ணீரும் போர் தண்ணீரும் ஊற்றி உப்பேறிப்போன தொட்டி மண்ணைக் கழுவிவிட இதைவிட நல்ல தண்ணீர் வீட்டுக்குள் வேறு கிடையாது.

இந்த ஏ.சி. தண்ணீரை ஒரு மண்பானையில் ஊற்றினால் என்ன நடக்கும் தெரியுமா? பூச்சு பூசாத, வாய் குறுகிய ஒரு சின்னப் பானையைச் செடிகளுக்கு நடுவே கழுத்துவரை புதைத்து, நிரப்பி, மூடிவிடுங்கள். பானையின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தண்ணீர் கசியும். மண் காய்ந்திருந்தால் வேகமாக உறிஞ்சும், நனைந்திருந்தால் கசிவு தானாகவே அடங்கிவிடும்! மின்சாரம் இல்லை, வால்வு இல்லை, கணினி இல்லை. செடி கேட்டால் கொடுக்கிறது, கேட்காவிட்டால் சும்மா இருக்கிறது! வேர்கள் தேடி வந்து பானையைக் கட்டிக்கொள்ளும். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் சீனாவில் எழுதப்பட்ட ஃபான் ஷெங்ச்சியின் வேளாண் நூலில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. இதில் சோப்புத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், துளை அடைந்துவிடும்.

சொட்டுநீர்ப் பாசனம் பிறந்த கதையும் ஒரு கசிவில்தான் தொடங்குகிறது. இஸ்ரேலியப் பொறியாளர் சிம்ஹா பிளாஸ், தண்ணீரே ஊற்றாத ஒரு மரம் பக்கத்து மரங்களைவிட ஓங்கி வளர்ந்திருப்பதைப் பார்த்தார். அடியில் தோண்டினால், ஓட்டைக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேருக்குப் போய்க்கொண்டிருந்தது! அந்த வியப்பு பல வருடம் மனதில் கிடந்து, 1965இல் நெட்டாஃபிம் நிறுவனமாக முளைத்தது.

ஊற்றுகிற தண்ணீரைப் பிடித்துவைப்பதற்கு நம்மிடம் தேங்காய் மட்டை இருக்கிறது. தென்னந்தோப்பில் மரத்தைச் சுற்றிக் குழி எடுத்து, மட்டையின் குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்கும்படி அடுக்கி மண் மூடுவார்கள். ஒவ்வொரு மட்டையும் ஒரு தண்ணீர்க் கிண்ணம்! நாரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாடித் தொட்டி மண்ணில் அதைக் கலந்து, மேலே காய்ந்த இலைகளைப் போர்த்திவிட்டால் உச்சி வெயில் தொட்டியை அவ்வளவு சீக்கிரம் காயவைக்காது.

குழாய்ப் பக்கம் ஒரு பார்வை. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு வருடத்தில் எவ்வளவு வீணாக்கும் தெரியுமா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 11,000 லிட்டருக்கு மேல்! சரிசெய்யத் தேவைப்படுவது சில ரூபாய் வாஷர் ஒன்று. கழிவறைத் தொட்டியின் கசிவோ சத்தமே போடாது. தொட்டிக்குள் கொஞ்சம் பீட்ரூட் சாற்றை ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் யாரும் தண்ணீர் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே சிவப்பு எட்டிப் பார்த்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம்! பழைய பெரிய தொட்டி என்றால் மணல் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே இறக்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். நாளைக்கு இருபது முறை என்றால் வருடத்துக்கு 7,300 லிட்டர்! இரண்டு பொத்தான் வைத்த தொட்டியை 1980இல் ஆஸ்திரேலியாவில் புரூஸ் தாம்சன் கொண்டுவந்தார், அதுவும் வறட்சிக்குப் பேர்போன கண்டத்தில். ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போய், தொட்டியின் மூடியிலேயே கை கழுவும் குழாயை வைத்துவிட்டார்கள். கை கழுவிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் இறங்கி அடுத்த முறைக்குத் தயார்!

வீட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில், வளாகத்தின் கழிவுநீர் செடிகளும் ஜல்லியும் கொண்ட பாத்திகள் வழியாகச் சுத்தமாகி அதே வளாகத்தின் பசுமைக்குப் பாய்கிறது. அமெரிக்காவின் டூசான் நகரத்தில் 2010 முதல் கட்டப்படும் புது வீடுகளில், குளித்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பத் தோதாகக் குழாய் அமைத்தே ஆக வேண்டும் என்பது விதி. கொல்கத்தாவின் கிழக்கே உள்ள ஈரநிலத்தில் நகரத்துக் கழிவுநீர் வெயிலிலும் பாசியிலும் தெளிந்து மீனாகவும் காய்கறியாகவும் மாறித் திரும்புகிறது; 2002இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலிலும் அது இடம்பெற்றது. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரமோ 1968லேயே கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கிவிட்டது! இந்தப் பட்டியலில் நம் சென்னைக்கும் இடம் உண்டு. மணலித் தொழிற்சாலைகள் 1990களிலிருந்தே நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தி வருகின்றன. கோயம்பேட்டில் 2019இல் வந்த மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் தயாரிக்கும் திறனுடையது. நம் வீட்டுக் கழிவறையில் விட்ட தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளில் மறுபிறவி எடுக்கிறது!

தலைக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்களின் சிறுநீர், வியர்வை, மூச்சில் வரும் ஈரம் எல்லாவற்றையும் பிடித்து மறுபடி குடிநீராக்குகிறார்கள். 2023இல் நாசா அறிவித்தபடி, அங்கே தண்ணீரில் 98 சதவீதம் மீட்கப்படுகிறது! நமக்கு அத்தனை இயந்திரம் வேண்டாம். கீழே மண் இருக்கிறது, வெயில் இருக்கிறது, கல்வாழைக் கிழங்கு நர்சரியில் மலிவாகவே கிடைக்கிறது.

கிழங்கு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே நட்டுவிடுங்கள். மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். கோடையில் உங்கள் குளியலறைத் தண்ணீர் முழுவதையும் வாங்கிக்கொள்ளும் அளவுக்குப் பாத்தி அடர்ந்திருக்கும்.